நான்கு விடைகளும் ஒரு நாற்காலியும்

2000-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் தேதி, ஜெர்மனி தேசத்து ஆர்.டி.எல். தொலைக்காட்சியில், வூப்பர்ட்டால் சர்வகலாசாலையில் சரித்திரம் போதிக்கும் எக்கார்ட் ஃப்ரைஸே என்ற பேராசிரியர், பதினான்கு கேள்விகளுக்கும் பிழையின்றி விடை சொல்லிவிட்டுப் பதினைந்தாவது கேள்வியை எதிர்நோக்கி உயரமான ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பரிசு பத்து லட்சம் மார்க். நிகழ்ச்சி தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியும் அத்தொகையை அதுவரை எவரும் எட்டியதில்லை. வந்த கேள்வி இது: 1953-இல் எட்மண்ட் ஹில்லாரியுடன் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் நின்றவர் யார்? டென்சிங் நார்கே என்று பேராசிரியர் சொன்னார்; சொல்லி, அந்நிகழ்ச்சியில் முழுப் பரிசையும் வென்ற முதல் ஜெர்மானியர் என்ற கீர்த்தியையும் அடைந்தார். சென்னைக்கு மேற்கே ஆவடியிலோ பட்டாபிராமிலோ பள்ளிக்கூட வாசலில் ஐஸ் வாங்கிக்கொண்டு நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவனை நிறுத்தி இதே கேள்வியைக் கேட்டால், அவன் விடையைச் சொல்லிவிட்டு, இதற்கா இவ்வளவு பணம் என்று நம்மைச் சந்தேகத்தோடு பார்ப்பான். டார்ஜிலிங்கில் வாழ்ந்த அந்த மலையேறி நமக்கு அடுத்த வீட்டுக்காரர். ரைன் நதிக்கரையில் உள்ளவர்களுக்கோ, கோடிக்கு ஒப்பான தூரத்தில் இருப்பவர்.

அயல் நாட்டிலிருந்து ஒரு வினாடி வினாவைக் கொண்டுவருவதில் உள்ள சூட்சுமமெல்லாம் இந்தச் சிறு வேற்றுமையில்தான் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். நாற்காலியைக் கப்பலில் ஏற்றிவிடலாம்; கேள்வியை ஏற்ற முடியாது.

ஜெர்மானியரின் அந்நிகழ்ச்சி அவர்கள் சொந்தமாகக் கண்டதன்று. டேவிட் பிரிக்ஸ், மைக் வைட்ஹில், ஸ்டீவன் நைட் என்ற மூவர் சிருஷ்டித்து, செலடார் என்ற கம்பெனி தயாரித்து, 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி பிரிட்டனின் ஐ.டி.வி.யில் கிரிஸ் டாரன்ட் என்பவர் தொகுத்து வழங்கத் தொடங்கிய நிகழ்ச்சி அது. சரியாக ஓராண்டுக்கு ஒரு நாள் குறைவாக, 1999 செப்டம்பர் 3-இல், குந்தர் யாவுக் என்பவரை நடுவில் உட்கார வைத்து ஜெர்மானியர்கள் தங்கள் பதிப்பைத் தொடங்கினார்கள். இந்தியாவுக்கு அது 2000 ஜூலை 3-இல், ஸ்டார் பிளஸ் சேனலில், அமிதாப் பச்சனின் கம்பீரமான குரலோடு வந்து சேர்ந்தது. அதையொட்டியே சன் டி.வி.யில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' ஆக வந்து தமிழ்க் குடும்பங்களின் கூடத்தில் அமர்ந்தார்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருப்பவர்களுக்கு இந்த மாதிரிக் காரியம் புதிதல்ல. 1949-இல் ஸ்தாபிதமான டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி, ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று பிரிட்டனின் பெயர் தாங்கிய சைக்கிள்களை அம்பத்தூரில் செய்து, பால்காரரின் கேன்களையும் அரிசி மூட்டையையும் மனைவி மக்களையும் ஒருசேரச் சுமக்கும்படி தேசமெங்கும் ஓட விட்டது. சமதர்ம பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தைக் காங்கிரஸ் மகாசபை 1955-இல் நிறைவேற்றிய அதே ஆவடியில், பத்து வருஷம் கழித்து, பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியின் மாதிரியைக் கொண்டு செய்யப்பட்ட விஜயந்தா என்னும் போர் டாங்கி கனரக வாகனத் தொழிற்சாலையின் கதவைத் தாண்டி வெளியே வந்தது. வரைபடம் அவர்களுடையது, கை நம்முடையது என்ற ஏற்பாட்டில் எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று அறிந்த ஃபிட்டர்களும் டர்னர்களும் அந்தப் பிராந்தியத்தில் வீட்டுக்கு ஒருவர் இருந்த காலம் உண்டு. அவர்களில் ஒருவர், தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டு முடிந்து வந்து, ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சரத்குமாரின் நிகழ்ச்சியைப் பார்க்கும்போது, "இது டிராயிங் அவன் கொடுத்தது, அசெம்பிளி நம்ம ஊர்" என்று சொல்லியிருந்தால், அதைவிடச் சரியான விமரிசனம் பத்திரிகைகளில் வந்திருக்க முடியாது.

தொடக் கூடாதவை என்று இந்த நிகழ்ச்சியில் இருந்தவை வேடிக்கையானவை. வட்டமான அரங்கு, அதன் நடுவே எதிரெதிராக இரண்டு உயரமான நாற்காலிகள், கேள்வி பெரிதாகப் பெரிதாக மேலிருந்து இறங்கி, கடைசியில் அவ்விருவரையும் தவிர உலகில் வேறு ஜீவனே இல்லை என்பது போல் ஒடுங்கிவிடும் விளக்கு. கீத் ஸ்ட்ராக்கன், மாத்யூ ஸ்ட்ராக்கன் என்ற தந்தையும் மகனும் அமைத்த பின்னணி இசை, நாடித் துடிப்பைப் போல் அடித்துக்கொண்டே, ஒவ்வொரு கேள்விக்கும் அரை ஸ்வரம் மேலே ஏறும்படி செய்யப்பட்டது. கேட்பவருக்கு ராகம் தெரியாவிட்டாலும் வயிற்றுக்குத் தெரியும். லண்டனிலும் கொலோனிலும் மும்பையிலும் சென்னையிலும் விடை சொல்ல வந்த மனிதன் ஒரே அரை ஸ்வரத்தில் எச்சில் விழுங்கினான் என்பதை நினைத்தால், மானிட ஜாதி ஒன்றே என்று சொன்ன ஞானிகளுக்கு இது ஒரு புதிய சாட்சியம்.

மாற்றத்தக்கவை என்று மிஞ்சியவை இரண்டுதான்: கேள்விகளும், கேட்கும் ஆசாமியும். தமிழர் கேள்விகளை எப்படி மாற்றினார்கள் என்பதைவிட, கேட்கும் ஆசாமியை எப்படித் தேர்ந்தார்கள் என்பதே விசேஷமாகச் சிந்திக்கத் தக்கது.

குந்தர் யாவுக் ஒரு பத்திரிகையாளர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் செய்தியும் விளையாட்டும் பேசி வந்தவர். உயரமும் மெலிவும், புருவத்தை ஏற்றி இறக்கும் ஒரு வழக்கமும் உடைய அவர், விடை சொல்ல வந்தவரைப் பள்ளிக்கூடத்துச் சாமர்த்தியக்கார வாத்தியார் மாணவனைக் கிண்டுவது போல் கிண்டுவார். சரியான விடையைச் சொன்னவனையே, நிச்சயந்தானா என்று ஒரு சிரிப்பில் கலக்கிவிடுவார். கொலோன் நகரத்தை ஒட்டிய ஹுர்த் என்ற ஊரில், ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரி வெட்டிப் பிழைத்து, பின்னர் தொலைக்காட்சி ஸ்டூடியோக்களால் பிழைக்கத் தொடங்கிய அந்தப் புறநகரில், அவர் 1999-இல் உட்கார்ந்த நாற்காலியில் கால் நூற்றாண்டு கடந்தும் அவரே உட்கார்ந்திருந்தார். நாணயம் மார்க்கிலிருந்து யூரோவுக்கு மாறிற்று. விடை தெரியாதவர், நண்பருக்கு டெலிபோன் செய்வது போல, துணைக்கு அழைக்கும் வழிகளில், 2007-இல், இடைப்பட்ட பாதுகாப்புத் தொகை ஒன்றைத் துறந்தால் கூடுதலாக ஓர் உதவி கிடைக்கும் என்ற துணிகர ஏற்பாடும் சேர்ந்தது. ஆசாமி மட்டும் மாறவில்லை.

தமிழில் நடந்தது வேறு. சன் டி.வி.யில் சரத்குமார். பிறகு ஒரு நீண்ட இடைவெளி. 2012 பிப்ரவரி 27-இல் விஜய் டி.வி.யில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்ற புதுப் பெயரோடு சூர்யா. மறு வருஷமே அதே இடத்தில் பிரகாஷ்ராஜ். 2016-இல் அரவிந்த்சாமி. 2019 டிசம்பர் 23-இல் கலர்ஸ் தமிழ் சேனலில், பெண்களே போட்டியிடும் 'கோடீஸ்வரி'யாக உருமாறியபோது ராதிகா சரத்குமார். முதல் நாற்காலியில் கணவர், கடைசி நாற்காலியில் மனைவி; இருபது வருஷத்து இடைவெளியில் ஒரே குடும்பத்துக்குள் இந்த ஆஸனம் சுற்றி வந்ததை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். மூன்று சேனல், மூன்று பெயர், ஐந்து நட்சத்திரங்கள். ஒரு பருவம் முடிவதற்குள், நட்சத்திரத்தின் கால்ஷீட் தீர்ந்துவிடும். தீர்ந்ததும், வேறு நட்சத்திரத்தைக் கொண்டு புதிதாகத் திருவிழா தொடங்கவேண்டியதுதான்.

ஐவரும் நடிகர்கள் என்பதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. ஐவரும் அந்த வேலையை லட்சணமாகவே செய்தார்கள். சூர்யாவின் எதிரில் உட்கார்ந்த ஒரு கிராமத்து ஸ்திரீ, கேள்வியையே மறந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததையும், அவர் பொறுமையாகக் கேள்வியை இரண்டாம் முறை வாசித்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்த நிமிஷத்தில் அங்கே நடந்தது பரீட்சையல்ல, தரிசனம். தரிசனத்துக்கு வந்தவரிடம் விடை தவறிப்போனால் என்ன? கட்டிக்கொண்டு ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டால் வந்த காரியம் பூர்த்தி. ஊரிலிருந்து கிளம்பும்போது உறவினர் சொல்லி அனுப்பியதும் அதுதானே!

இந்த வழியை முதலில் வகுத்தவர்கள் நாமல்ல. தூர்தர்ஷனில் 1985-இல் 'குவிஸ் டைம்' நடத்தி, தேசத்தின் கல்லூரி மாணவர்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திருந்து பார்க்க வைத்த சித்தார்த்த பாசு என்ற அசல் வினாடி வினாக்காரர், 2000-இல் ஹிந்திப் பதிப்பைத் தயாரிக்கும் பொறுப்பேற்றுத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தவர், சொந்தக் கம்பெனியின் கடனால் நொந்திருந்த ஒரு மகா நடிகர். கேள்வியை அறிந்தவன் உள்ளே, முகத்தை உடையவன் வெளியே என்ற அந்தப் பாகப்பிரிவினை ஹிந்தியில் அமோகமாகப் பலித்தது. ஏனெனில் அங்கேயும், மூன்றாம் பருவத்தில் ஷாருக்கான் வந்து போனது நீங்கலாக, அதே ஆசாமி அதே நாற்காலியில் வருஷக்கணக்கில் நிலைத்தார். நிலைத்த பிறகு அவர் நடிகராகத் தெரியவில்லை. வீட்டுப் பெரியவராகத் தெரிந்தார். தமிழ்ப் பதிப்புகள் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு நிலைப்பை விட்டுவிட்டன. நம் மனத்தாங்கல் இவ்வளவே.

கேள்வி கேட்டுப் பரிசு கொடுப்பது நமக்கு இறக்குமதிச் சரக்கும் அல்ல. பாண்டியன் சபையில் ஆயிரம் பொன் கட்டித் தொங்கவிட்ட கதையைத் திருவிளையாடல் புராணம் அறிந்த எவரும் சொல்வார்கள். தருமிக்கு உதவிக்கு வந்த சிநேகிதர் ஆலவாய் அண்ணலே என்பதால், டெலிபோன் இல்லாமலே அந்தக் காரியம் நடந்தது.

ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் நான்கு விடைகள் கொண்ட கேள்விக்கு உள்ள கனம் புராணத்தில் வருவதல்ல, ஜீவனத்தில் வருவது. அரசுக் கிளை நூலகம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். தினசரி படிக்க வரும் பெரியவர்களுக்கு இடம் இராது. மேஜைகளிலும், மேஜை போதாமல் படிக்கட்டிலும், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடப்புத்தகங்களைக் குவித்துக்கொண்டு, இருபது வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரையிலான ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணமாகிக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர் ஒருத்தி. கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரி ஷிப்டு முடிந்த கையோடு கண் சிவக்க வந்தவன் ஒருவன். மாதிரி வினாத்தாளை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் விடை சொல்வார்கள். "கலிங்கத்துப் பரணியைப் பாடியவர்?" "ஜெயங்கொண்டார், அடுத்தது!" அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி. சென்ற தேர்வில் கட்-ஆஃப் எவ்வளவு என்பதும், இந்தத் தடவை எவ்வளவுக்குப் போகும் என்பதும், அங்கே மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசுவது போல் ஓயாமல் பேசப்படும்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வு என்பது, கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற உத்தியோகங்களுக்கு வாசல். 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். 2022-இலும் 2024-இலும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். அறிவிக்கப்பட்ட இடங்களோ சில ஆயிரம். பதினைந்து கேள்விக்குப் பத்து லட்சம் யூரோ என்று யாவுக்கின் எதிரில் உட்காரும் ஜெர்மானியன், தோற்றால் மறுநாள் தன் வேலைக்குத் திரும்பிப் போகிறான். இந்த நூலகத்துப் படிக்கட்டில் இருப்பவர்களுக்குத் திரும்பிப் போக வேண்டிய வேலையே அந்தக் கேள்விகளுக்குள் இருக்கிறது. ஆகையால்தான் தமிழ்ப் பதிப்பின் பருவங்களிலெல்லாம், போட்டிக்கு வந்தவர்களில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள் விடை சொன்ன விதம் தனியாகத் தெரிந்தது; நான்கு விடைகளையும் முழுக்க வாசிக்க விடாமல், இரண்டாவது எழுத்திலேயே பிடித்து விடுவார்கள். அதைப் பார்க்க நமக்குப் பெருமையாகவும் இருந்தது, சற்றுக் கஷ்டமாகவும் இருந்தது.

இந்தத் தேர்வில் இப்போது விடைகள் நான்கல்ல, ஐந்து. ஏ, பி, சி, டி என்ற நான்கோடு, 'விடை தெரியவில்லை' என்று சொல்லும் ஈ என்ற ஐந்தாவது வட்டமும் 2020-க்குப் பிறகு சேர்ந்தது. தெரியாவிட்டாலும் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கியே ஆகவேண்டும். எந்த எழுத்தை எத்தனை முறை கறுப்பாக்கினோம் என்று கடைசியில் எண்ணி எழுதவும் வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வில், தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் மகாத்மா யார் என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். காரணம் வேறு. 2019-இல் நடந்த நான்காம் தொகுதித் தேர்வில், ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர் அநியாயமாக முன்னணியில் வந்ததைத் தொடர்ந்து விசாரித்தபோது, சற்று நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடை குறித்து, அந்த இடத்தில் பிறர் சரியான விடையைப் பின்னர் நிரப்பிய விஷயம் 2020 ஜனவரியில் அம்பலமாயிற்று. 99 பேருக்கு இனி ஆயுள் முழுதும் தேர்வெழுதத் தடை விதிக்கப்பட்டது. காலியாக விட்ட வட்டமே களவுக்கு வழி என்று கண்ட பிறகு, காலி வட்டமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

பிரிட்டனிலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. 2001 செப்டம்பரில் சார்லஸ் இங்க்ராம் என்ற ராணுவ மேஜர், விடைகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிப் பார்ப்பதும், சரியான விடை வரும் சமயம் பார்த்து அரங்கில் ஒருவர் இருமுவதுமாகப் பத்து லட்சம் பவுனை எட்டிவிட்டார். காசோலை நிறுத்தப்பட்டது, 2003-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. பிரிட்டனில் இருமல், ராமநாதபுரம் ஜில்லாவில் மை. நான்கு விடைகளுள் ஒன்று என்ற ஏற்பாடு எங்கே போனாலும், அதன் பின்னாலேயே அதற்கேற்ற ஒரு கெட்டிக்காரத்தனமும் போய்விடுகிறது. இதையும் ஒரு விதத்தில் உள்ளூர்த் தழுவல் என்று சொல்லலாம்.

பணத்தின் கதைக்கு வருவோம். இந்தக் கோடியை யார் கொடுக்கிறார்கள்? பிரிட்டனில் நிகழ்ச்சியைக் கண்டுபிடித்தவர்களின் உண்மையான சாமர்த்தியம் அரங்கிலோ விளக்கிலோ இல்லை. போட்டிக்கு வர ஆசைப்பட்டு டெலிபோனில் அழைப்பவர் ஒவ்வொருவரிடமும் அழைப்புக்குக் கூடுதல் கட்டணம் வாங்கி, அதிலிருந்தே பரிசைச் சேர்த்ததில் இருந்தது. நம் தேசத்திலும் அது நடந்தது. 2007-இல் ஹிந்திப் பதிப்பின்போது, வீட்டில் இருந்தபடியே கேள்விக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பரிசு பெறலாம் என்று ஒரு கிளைப் போட்டி வைத்தார்கள்; ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 2 ரூபாய் 40 காசு. சுமார் 5.8 கோடி எஸ்.எம்.எஸ். வந்ததாகவும், பரிசு அந்த வசூலிலிருந்தே வந்ததாகவும், ஆகவே இது நியாயமற்ற வர்த்தகமென்றும் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் முன் வழக்கு வந்தது. ஆணையம் 2008-இல் ஒளிபரப்பியவர்களும் டெலிபோன் கம்பெனியும் ஒரு கோடி ரூபாய் தண்டமாகச் செலுத்த உத்தரவிட்டது. பதினான்கு வருஷம் கழித்து, 2022-இல், அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நீதிமன்றத்தின் முடிவுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனாலும், திருமுல்லைவாயலில் ஒரு வாடகை வீட்டில் தன் செல்போன் பாக்கிக் காசையெல்லாம் கரைத்துக் கேள்விக்குப் பதில் அனுப்பிய பையனுக்கு, தன் 2 ரூபாய் 40 காசு எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை உண்டென்றே நினைக்கிறோம்.

ஜெயித்தவரும் முழுக்க ஜெயிப்பதில்லை. இத்தகைய பரிசுகளுக்கு நம் வருமான வரிச் சட்டம் நேராக 30 சதவீதம் போடுகிறது. அதன்மேல் கூடுதல் வரியும் செஸ்ஸும். செலவைக் கழித்துக் காட்டவும் வழியில்லை, வரம்புக்குக் கீழே என்று தப்பிக்கவும் வழியில்லை. கோடி ரூபாய் என்று அரங்கம் முழுதும் தங்கக் காகிதம் பொழிந்த பிறகு, கைக்கு வரும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். பிரிட்டனில் இந்தப் பிடித்தம் கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகு, தமிழ்ப் பதிப்பு தன் மூலத்தையே மிஞ்சி நின்ற ஒரு சந்தர்ப்பத்தையும் சொல்லாமல் விட்டால் பாவம். 'கோடீஸ்வரி' தொடங்கி ஒரு மாதம் கூட ஆகாத 2020 ஜனவரியில், மதுரையைச் சேர்ந்த, செவியும் பேச்சும் இயற்கை தராத ஒரு பெண்மணி அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பதினைந்து கேள்விகளையும் கடந்து ஒரு கோடியை வென்றார். யோசித்துப் பாருங்கள். அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏறிப் பிறர் குலையை நடுங்கச் செய்யும் அந்த இசை அவருக்கு இல்லை. நிச்சயந்தானா என்று குரலை இறக்கிக் கலக்கும் தந்திரமும் அவரிடம் செல்லாது. லண்டனில் வகுத்த பயமுறுத்தும் சாதனங்களில் பாதி அன்று அரங்கில் செயலற்றுப்போக, திரையில் எழுந்த எழுத்தும், அவர் கற்ற கல்வியும் மட்டும் எதிரெதிரே நின்றன. வினாடி வினா என்பது எப்படி இருக்கவேண்டுமோ அப்படி அன்று இருந்தது. எதிரில் அமர்ந்திருந்த ராதிகாவும் தம் கண்ணீரை மறைக்கப் பிரயத்தனப்படவில்லை. அது நடிப்பென்று சொல்பவர் சொல்லிக்கொள்ளட்டும்.

அயல் நாட்டு உருவங்கள் இப்போதும் நம் மேற்குப் புறநகரில் வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பூந்தமல்லியைத் தாண்டி, நசரத்பேட்டையையும் கடந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் ஏரியை நெருங்கும் இடத்தில் இருக்கும் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில், 2017 ஜூன் 25-இல் கமல்ஹாசன் தொகுத்து வழங்கத் தொடங்கிய 'பிக் பாஸ்' வீடு எழுந்தது. 1999-இல் நெதர்லாந்தில் பிறந்த சரக்கு அது. முன்னே பொழுதுபோக்குப் பூங்காவாக இருந்த அந்த வளாகத்தின் வாசலில், வாரக் கடைசிப் படப்பிடிப்பு நாட்களில் பார்வையாளர்களை ஏற்றிய வேன்கள் வந்து நிற்கும். சின்னத்திரை அரங்குகளுக்குக் கைதட்ட ஆட்களைத் திரட்டித் தருவதே குமணன்சாவடி, மாங்காடு வட்டாரங்களில் சிலருக்கு ஒரு தொழில். எந்த நிகழ்ச்சி என்று கேட்காமலே, டிபன் உண்டா, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வேனில் ஏறும் மாதர்களின் தொழில் நிதானம் மெச்சத் தக்கது. தச்சர்களும் லைட்மேன்களும் பெயிண்டர்களும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியேறி வெகு நாளாகிறது. அரங்கம் கட்டும் கைக்குக் குறைவில்லை.

ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு கேள்விக்குக்கூடச் சரி, தவறு என்று விடை கிடையாது. யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதே நூறு நாள் பாடம். வினாடி வினா பருவத்துக்குப் பருவம் ஆள் மாறி, இடம் மாறி, இளைத்துப்போன அதே வருஷங்களில் இது செழித்து வளர்ந்ததைக் கண்டு சில நண்பர்கள், ஜனங்களின் ருசி கெட்டுவிட்டதென்று சலித்துக்கொள்கிறார்கள். நாம் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம். ஞாயிற்றுக்கிழமைப் படிக்கட்டில் இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஜனங்களும் இதே ஜனங்கள்தானே! 'பிக் பாஸ்' நாற்காலியில் ஏழு பருவங்கள் ஒருவரே நிலைத்தார். 2024-இல்தான் அது விஜய் சேதுபதியின் கைக்கு மாறிற்று. அந்த நிலைப்பில் ஒரு பங்கையாவது வினாடி வினாவுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ருசியைப் பழிக்கலாம்.

நிலைக்கக்கூடிய ஆசாமியைத் தேடி வெகு தூரம் போகவும் வேண்டாம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் மாடி அறைகளில் தேர்வுப் பயிற்சி வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இருநூறு பேரை ஒரே அறையில் அடைத்து வைத்துக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்து, நாலு மணி நேரம் யாரும் தூங்கிவிடாதபடி கேள்வி கேட்பவர்கள்; சரியாகச் சொன்னவனையே, "எப்படிச் சொன்னே, குருட்டாம்போக்கிலயா?" என்று மடக்கி, அவன் விழிப்பதைப் பார்த்து வகுப்பே சிரிக்க, அந்தச் சிரிப்பின் இடையில் பாடத்தைப் புகட்டிவிடுபவர்கள். புருவத்தை ஏற்றும் வித்தையை அவர்களுக்கு யாரும் ஹுர்த்திலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களில் ஒருவரை அந்த உயரமான நாற்காலியில் ஒரு பருவத்துக்கேனும் உட்கார வைத்துப் பார்க்க எந்தச் சேனலாவது துணியுமானால், கால்ஷீட் தகராறும் இராது, சம்பளமும் கோடியில் பேச வேண்டியிராது. சனி, ஞாயிறுகளில் மட்டும் படப்பிடிப்பு வைக்கக் கூடாது. அன்றைக்கு அவருக்கு வகுப்பு இருக்கும்.